அப்பா ‘ஓ’, மகள் ‘நீ’

டப்ளினில் ஒரு மருத்துவமனையில் நோயாளர் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில், ஓர் இரவு ஒரு பெரியவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பெயர் ‘ஓ ப்ரீயன்’. கூட வந்த பெண்ணின் அட்டையில் ‘நீ வ்ரீயன்’. “மகள்தானா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது.

இரண்டும் ஒரே குடும்பப் பெயர்தான் என்று பக்கத்து மேசை ஐரிஷ்காரர் பிறகு சொல்லிக்கொடுத்தார். ஐரிஷ் மொழியில் ‘மாக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், வழிவந்தவன். பெண்பிள்ளை தன்னைப் பேரன் என்று எழுதிக்கொள்ள முடியுமா? அதனால் ‘ஓ’ வீட்டுப் பெண் ‘நீ’, ‘மாக்’ வீட்டுப் பெண் ‘நிக்’. கல்யாணமாகிக் கணவர் பெயரை எடுத்துக்கொண்டால் ‘ஈ’, ‘விக்’. ‘நீ’ வந்தால் அடுத்த எழுத்தும் மாறும். ‘ப்ரீயன்’ ‘வ்ரீயன்’ ஆனது அப்படித்தான். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புரியாததல்ல.

1014-இல் க்ளான்டார்ஃப் போரில் மாண்ட அயர்லாந்து மன்னர் ப்ரையன் போருவின் வழிவந்தவர்கள்தான் இந்த ஓ ப்ரீயன்கள். க்ளான்டார்ஃப் இன்று டப்ளினில் ஒரு பேட்டை. குடும்பப் பெயர் வருவதற்கு முன்பெல்லாம் நம் இனிஷியல் போல, தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 10, 11-ஆம் நூற்றாண்டுகளில்தான் ஒரு மூதாதையின் பெயரே குடும்பப் பெயராக நிலைக்கத் தொடங்கியது.

ஆங்கிலேய ஆட்சியில் பலர் ‘ஓ’வையும் ‘மாக்’கையும் உதறினார்கள். ஓ’சல்லிவன் வெறும் சல்லிவன் ஆனார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழிப்பற்று எழுந்தபோது சிலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். ‘மெக்’ என்றால் ஐரிஷ், ‘மாக்’ என்றால் ஸ்காட்லாந்து என்பது சும்மா பேச்சு. ‘மெக்’ என்பது ‘மாக்’கின் சுருக்கெழுத்து, அவ்வளவே.

எங்களுக்குத் தலைவலி அந்த ‘ஓ’வுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போடும் மேற்குறிதான். ஐரிஷில் அது கிடையாது. ‘ஓ’வின் தலையில் ஒரு சாய்கோடு மட்டும். குறியோடு, இடைவெளியோடு, சேர்த்தெழுதி என்று ஒரே ஆளுக்கு மூன்று கோப்புகள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெனிசிலின் ஒவ்வாமை ஒன்றில் மட்டும் பதிவாகியிருந்தது. அன்றிலிருந்து பிறந்த தேதியைப் போட்டுத்தான் முதலில் தேடுகிறேன். பெயரை அவர்களையே எழுதித் தரச் சொல்கிறேன். உறவு என்னவென்று ஒரு தடவைதான் கேட்கிறேன்.