மார்ஃபின் எல்லை தாண்ட என்னென்ன தாள் வேண்டும்?

மார்ஃபின் அபினிலிருந்து கிடைக்கும் வலிமையான வலிநிவாரணி. 1961-இன் போதைப்பொருள் ஒப்பந்தம் (ஐ.நா. ஏற்பாட்டில் நாடுகள் செய்துகொண்டது) அதைத் தடை செய்யவில்லை. மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் மட்டும் என்று வரம்பு கட்டி, கிராம் கிராமாகக் கணக்குக் கேட்கிறது.

முதலில் மதிப்பீடு. அடுத்த ஆண்டுக்கு மார்ஃபின், அதே வகை மருந்துகளான ஃபென்டனில், கோடீன் எவ்வளவு தேவை என்று ஒவ்வோர் அரசும் 'படிவம் பி'யில் எழுதி, ஜூன் 30-க்குள் வியன்னாவிலுள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாத நாட்டுக்கு வாரியமே ஓர் அளவைப் போட்டுவிடும். கணக்கு முழுக்க அந்த அளவுக்குள்தான்.

அடுத்தது அனுமதி. வாங்குபவர் தம் அரசிடம் இறக்குமதி அனுமதி பெறுகிறார். அதைப் பார்த்த பிறகே விற்கும் நாட்டின் அரசு ஏற்றுமதி அனுமதி தரும். ஒவ்வோர் இறக்குமதிக்கும் ஒவ்வோர் ஏற்றுமதிக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்; ஓர் இறக்குமதி அனுமதியின் சரக்கு மட்டும் பல தவணைகளில் வரலாம். ஏற்றுமதி அனுமதியின் ஒரு நகல் சரக்கோடு போகும், இன்னொன்று வாங்கும் நாட்டு அரசுக்குப் போகும். சரக்கு இறங்கியதும் வந்துசேர்ந்த அளவைக் குறித்து அந்த அரசு திருப்பி அனுப்ப வேண்டும். நடுவழியில் சரக்கு மாயமானால் பிடிபடுவது பெரும்பாலும் இந்தத் தாளில்தான். தபால் பெட்டி எண்ணை முகவரியாகக் கொடுத்து அனுப்பவும் கூடாது.

எடையில் பலர் சறுக்குவார்கள். மருந்தாகும் மார்ஃபின் பெரும்பாலும் ஓர் அமிலத்தோடும் நீரோடும் சேர்ந்த வேதி உப்பாக இருக்கும்; கணக்கோ அவை நீங்கிய தூய மார்ஃபினில்தான். 100 கிலோ மார்ஃபின் சல்ஃபேட் பென்டாஹைட்ரேட் (அப்படியோர் உப்பு) என்றால் ஏட்டில் ஏறுவது சுமார் 75 கிலோ. ஒரு பக்கம் உப்பின் எடையையும் மறுபக்கம் தூய எடையையும் எழுதினால் இரண்டு நாட்டுக் கணக்கும் இடிக்கும். விளக்கக் கடிதம் போய் வரும்வரை மருந்து கிடங்கில் கிடக்கும்.

டயசிபாம் போன்ற மனமருந்துகள் 1971 ஒப்பந்தத்தில் வருகின்றன. ஆண்டு மதிப்பீட்டை அந்த ஒப்பந்தம் கேட்பதில்லை. மார்ஃபினை ஹெராயினாக்கப் பயன்படும் அசெடிக் அன்ஹைட்ரைடு போன்ற வேதிப்பொருள்களைக் கண்காணிப்பது 1988 ஒப்பந்தம்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் மதிப்பீட்டிலேயே இருக்கிறது. போன ஆண்டு பயன்படுத்திய அளவை அப்படியே நகலெடுத்தால், மருந்து கிடைக்காமல் குறைந்துபோன அந்த அளவே இந்த ஆண்டின் 'தேவை' ஆகிவிடும். புற்றுநோயாளி வலியோடு காத்திருப்பார். இதற்கு ஒப்பந்தத்திலேயே வழி உண்டு: ஆண்டின் நடுவே எப்போது வேண்டுமானாலும், காரணத்தை எழுதிக் கூடுதல் மதிப்பீடு அனுப்பலாம்.