மேக் டிரைவ் பம்ப்: ஓவர்லோட் ரிலே இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

ஆசிட், சால்வென்ட் கையாளும் ஆலைகளில் மேக் டிரைவ் பம்ப், அதாவது காந்தப் பிடியால் சுழலும் பம்ப், இப்போது சாதாரணம். மோட்டார் பக்கம் ஒரு காந்த வளையம், திரவத்துக்குள் இம்பெல்லரோடு (திரவத்தைத் தள்ளும் சக்கரம்) இன்னொரு வளையம், நடுவே மூடிய ஷெல். இந்த இரண்டு வளையமும் சேர்ந்ததுதான் கப்ளிங். மெக்கானிக்கல் சீல் கிடையாது, அது கசியுமோ என்ற கவலையும் கிடையாது. ஆனால் காந்தம் பலமிழந்து சர்வீஸுக்கு வரும் பம்புகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: கப்ளிங் நழுவியதை யாரும் கவனிக்கவில்லை.

சுமை ஏற ஏற உள் வளையம் வெளி வளையத்துக்குக் கொஞ்சம் பின்தங்கும். அந்தக் கோணம் கூடக்கூட டார்க்கும் (முறுக்கு விசை) கூடும், ஆனால் ஒரு துருவத்தின் அகலத்தில் பாதி பின்தங்கும் வரைதான். அதுதான் உச்சம், புல்-அவுட் டார்க். தாண்டினால் பிடி விட்டுவிடும், முழு வேகத்தில் ஓடும்போது தானாகத் திரும்பப் பிடிக்காது.

நழுவியபின் மோட்டாருக்குச் சுமை வெகுவாகக் குறையும், கரண்ட் இறங்கிவிடும். ஓவர்லோட் ரிலேயோ கரண்ட் ஏறினால்தான் ட்ரிப் ஆகும், அதனால் அது பேசாமல் இருக்கும். மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்க, உலோக ஷெல்லில் மாறும் காந்தப்புலத்தால் எழும் சுழல் மின்னோட்டம் சூட்டைக் கிளப்பும், திரவ ஓட்டம் நின்றுவிட்டதால் அந்தச் சூட்டை எடுத்துப் போக எதுவும் இல்லை. இதில் ஒத்த துருவங்கள் வேறு மாறி மாறி நேருக்கு நேர் வந்து ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றை எதிர்க்கும். சூடேறிய நியோடிமியம் காந்தம் இந்த நிலையில் இழக்கும் பலம், ஆறினாலும் திரும்ப வராது. தயவுசெய்து சுமை இறங்கினால் ட்ரிப் ஆகும் ஒரு அண்டர்லோட் ரிலே அல்லது பவர் மானிட்டர் போடுங்கள். பம்பின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை.

அடுத்தது கப்ளிங்கைத் தேர்ந்தெடுப்பது. மோட்டார் 7.5 கிலோவாட், 2900 ஆர்பிஎம் என்றால் முழுச்சுமை டார்க் சுமார் 25 நியூட்டன் மீட்டர். கப்ளிங் 30 தாங்கும், போதும் என்று முடிவு கட்டுகிறார்கள். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் தொடங்கும்போது இரண்டு மடங்குக்கு மேலும் டார்க் தரும். அதில் ஒரு பகுதி மோட்டாரின் ரோட்டரையே முடுக்கப் போய்விடும், சரி, ஆனால் இம்பெல்லர் கனமாகவோ திரவம் கெட்டியாகவோ இருந்தால் மிச்சம் முழுக்கக் கப்ளிங்கின் தலையில்தான். மோட்டாரை மெதுவாகத் தொடங்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியோ இருந்தால் இந்த அடி குறையும்.

அந்த 30 கூட எந்த வெப்பநிலையில்? இதைக் கேட்பவர்களே குறைவு. நியோடிமியத்தின் காந்தப்புலம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.11 சதவீதம் குறையும். இரண்டு வளையமும் காந்தம் என்பதால் டார்க் அந்தப் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். ஆக 20 டிகிரியில் 30 காட்டிய கப்ளிங், காந்தம் 120 டிகிரியைத் தொடும்போது சுமார் 24தான், அதாவது மோட்டாரின் முழுச்சுமைக்கே போதாது. சமேரியம் கோபால்ட் காந்தம் (2:17 வகை) என்றால் அதே சூட்டில் இழப்பு 7 சதவீத அளவுதான். விலை அதிகம், ஆனாலும் சூடான திரவத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

துருவ எண்ணிக்கையைக் கூட்டினால் டார்க் கூடும் என்பதும் பாதி உண்மை. துருவம் குறுகலானால் அதன் புலம் வேகமாகத் தேய்ந்துவிடும், தடித்த ஷெல்லைத் தாண்டி எட்டாது. ஷெல்லின் தடிமனையும் இருபக்க இடைவெளியையும் கூட்டிப் பார்த்தபிறகே துருவ எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

நழுவியது தெரிந்தால் மோட்டாரை முழுசாக நிறுத்துங்கள். நின்ற நிலையில் காந்தங்கள் தாமாகவே பிடித்துக்கொள்ளும், ஆனால் உடனே ஸ்டார்ட் பட்டனுக்குப் போகாமல் பம்ப் ஆறியதா, உள்ளே திரவம் இருக்கிறதா, இம்பெல்லரோ பேரிங்கோ இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.