கைக்குழந்தை இருமும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கைக்குழந்தைக்கு இருமல் வந்தால் எல்லோரும் முதலில் நெஞ்சைத்தான் பார்க்கிறோம். சளி நெஞ்சில் கட்டிவிட்டது, அதைக் கரைக்க வேண்டும், இருமலை நிறுத்த வேண்டும் என்றே எண்ணம் ஓடுகிறது. ஆனால் சாதாரணச் சளி இருமலில் தொந்தரவு பெரும்பாலும் மூக்கில் தொடங்குகிறது. வீட்டில் நம்மால் செய்ய முடிகிற உருப்படியான வேலையும் மூக்கில்தான் இருக்கிறது. ஏன் என்று புரிய, இருமல் எதற்காக வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூக்கிலிருந்து நுரையீரலின் சிறு கிளைகள் வரை மூச்சுப்பாதையின் உட்புறத்தில் மெல்லிய கோழைப் படலம் இருக்கிறது. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். பாதையின் உட்சுவர்ச் செல்களில் உள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து தடவை போல் அசைந்து, அந்தப் படலத்தைத் தொண்டைப் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வைரஸ் தொற்றினால் நுண்மயிர்கள் உள்ள செல்கள் சிதைகின்றன. அதே நேரத்தில் கோழையும் அதிகமாகச் சுரக்கிறது. கோழை கூடிவிட்டது, நகர்த்த ஆளில்லை. அந்த வேலையை இருமல் எடுத்துக்கொள்கிறது. குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள நரம்பு முனைகள் உறுத்தலை உணர்ந்து மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன. உடனே ஓர் ஆழ்ந்த மூச்சு. குரல்நாண்கள் இறுக மூடுகின்றன. வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் அழுத்த, உள்ளே காற்று அடைபடுகிறது. சட்டென்று குரல்நாண்கள் திறந்ததும் அது கோழையையும் இழுத்துக்கொண்டு பீறிடுகிறது.

வைரஸை உடல் சில நாட்களில் அடக்கிவிடும். சிதைந்த நுண்மயிர்கள் பழையபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் காய்ச்சல் விட்டு, மூக்கு ஒழுகுவது நின்று, குழந்தை நன்றாக விளையாடத் தொடங்கிய பிறகும் இருமல் மட்டும் போகாமல் நிற்கிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இருமல் முழுதாக அடங்க ஏறத்தாழ 25 நாட்கள் வரை ஆகலாம். சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். ஒன்று முடியும் முன் அடுத்தது வந்தால், மாதக்கணக்கில் ஒரே இருமல் போலத் தோன்றும்.

சரி, பெரியவர்களுக்கும் இதே சளிதானே பிடிக்கிறது, குழந்தை மட்டும் ஏன் இவ்வளவு திணறுகிறது? காரணம் குழாயின் அளவு. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் உள்ளே சுமார் 4 மில்லிமீட்டர் அகலம்தான். உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். அகலம் பாதியானால் மூச்சு விடுவது இரண்டு மடங்கு கடினமாகும் என்று நினைப்போம். உண்மையில் 16 மடங்கு! குழாய் குறுகக் குறுக, காற்றுக்கான தடை ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது; அதாவது ஆரம் பாதியானால் தடை 2×2×2×2 மடங்கு. 8 மில்லிமீட்டர் குழாயில் அதே வீக்கம் வந்தால் தடை மூன்று மடங்குதான். நமக்கு வெறும் சளியாக இருப்பது குழந்தைக்கு எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இனி மூக்குக்கு வருவோம். முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடும். வாயில் பாலும் மூக்கில் மூச்சுமாக இருந்தால்தான் அதால் குடிக்க முடியும். மூக்கு அடைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு அழுதுகொண்டே விலகும். மல்லாந்து படுக்கும்போது மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டைக்கு வழிந்து குரல்வளையை உறுத்தும். இரவில் இருமல் கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு, அதாவது மூக்கில் விடும் உப்புநீர், இதற்குப் போதும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள். காய்ந்த சளி இளகும். அப்புறம் ரப்பர் உறிஞ்சியை வெளியிலேயே அழுத்திக்கொண்டு, நுனியை மூக்குத் துவாரத்தில் லேசாக வைத்து மெதுவாக விடுங்கள். ஆழமாக நுழைக்க வேண்டாம். பால் கொடுப்பதற்கும் தூங்கவைப்பதற்கும் முன்னால் செய்வதே நல்லது. குடித்த பிறகு செய்தால் வாந்தி எடுத்துவிடும். நாளுக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்தோல் வீங்கி, அடைப்பு இன்னும் கூடும்.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். உடலில் நீர் குறையாமல் இருந்தால் கோழையும் இறுகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், பாலே போதும். தலையணை வைத்துத் தலையை உயர்த்துவதும் வேண்டாம். முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது. மிஞ்சியிருக்கும் நுண்மயிர்களின் அசைவையும் அந்தப் புகை மட்டுப்படுத்திவிடும். கொதிநீர் ஆவி பிடிக்க வைத்துச் சூடுபட்ட குழந்தைகள் உண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம். மெந்தால், கற்பூரம் கலந்த தைலமும் இரண்டு வயதுக்கு முன் கூடாது. மெந்தால் மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்தது போல் தோன்றுமே தவிர, அடைப்பு அப்படியே இருக்கும். கற்பூரமோ வயிற்றுக்குள் போனால் வலிப்பையே வரவழைக்கும்.

தேன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு வயது முடியும் வரை ஒரு துளிகூட, விரலில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் உள்ள மற்ற நுண்ணுயிர்கள் அவற்றை வளரவிடாது. குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்துகள் முளைத்து நஞ்சு சுரந்தால் தசைகள் தளரும். மலச்சிக்கல், பலமில்லாத அழுகை, பால் உறிஞ்ச முடியாமை என்று தொடங்கி மூச்சுத் தசைகள் வரை போகும். இந்த நோயை மருத்துவ உலகம் 1976இல்தான் அடையாளம் கண்டது. தேனைக் கொதிக்க வைத்தாலும் வித்துகள் சாகாது. ஒரு வயதைத் தாண்டியபின் தூங்கும் முன் அரை டீஸ்பூன் தேன் தாராளமாகக் கொடுக்கலாம்.

இருமல் சிரப்பை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு அதனால் பலன் இருப்பதாக நிரூபணமாகவில்லை. படபடப்பு, அளவு மீறிய மயக்கம், மூச்சு மந்தமாவது போன்ற ஆபத்துகள் மட்டும் உறுதி. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடையில் வாங்கும் சளி, இருமல் மருந்துகள் வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008லேயே அறிவுறுத்திவிட்டது.

அப்படியானால் எதைக் கவனிப்பது? இருமலை எண்ண வேண்டாம், மூச்சை எண்ணுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. எண்ணிக்கை அதைத் தொட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலமாவது, இடையில் மூச்சு நின்று வருவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் இரவு என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று புரையேறியது போல் இருமத் தொடங்கினால், ஏதோ ஒரு பொருள் உள்ளே போயிருக்கலாம். நாய் குரைப்பது போன்ற இருமலோடு மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் குரல்வளைப் பகுதி வீங்கியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல் வந்தாலே காட்டிவிடுவது நல்லது. அந்த வயதில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே காட்டியாக வேண்டும். கக்குவான் இருமல் வந்த பச்சிளங்குழந்தைக்கு அந்தப் பெயர்பெற்ற இழுப்புச் சத்தம் வராமலே மூச்சு நின்றுபோவதுண்டு. மற்றபடி, சிரித்து விளையாடும் குழந்தைக்கு நான்கு வாரம் கடந்தும் இருமல் விடவில்லை என்றால், ஆஸ்துமா போல வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.