காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்

இங்கிலாந்தின் யார்க் நகரில் படிக்கும் மகனைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். நண்பர்களோடு நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவுக்கு மவுன்டன் பைக் ஓட்டப் போயிருக்கிறான். தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் கேட்டருகே எல்லோரும் இறங்கி, டயரிலிருந்து புஸ்ஸென்று காற்றைத் திறந்துவிட்டார்களாம். "கல்லு மாதிரி காத்து இருந்தாத்தான் சைக்கிள் லேசாப் போகும்னு அவன் தாத்தா சொல்லுவாரே, இவங்க ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று கேட்கிறார்.

தாத்தா சொன்னது சரி. பையன்கள் செய்ததும் சரி. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அந்த இடம். மூர் என்பது மரங்கள் அதிகம் இல்லாத, காற்று வீசிக்கொண்டே இருக்கும் மேட்டுநிலம். ஹெதர் என்ற குட்டைச் செடி கண்ணுக்கெட்டிய தூரம் படர்ந்திருக்கும். ஆகஸ்டில் மேடு முழுக்க ஊதா நிறமாகிவிடும். நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் பயன்படுத்தும் பிரைடில்வே பாதைகள் அதன் குறுக்கே ஓடுகின்றன. அவற்றில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968-இல் வந்த சட்டம் கொடுத்தது, மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ரோஸ்டேல் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் ஒரே சவாரியில் எல்லா வகைத் தரையும் வரும். மூன்றடி போனால் ஓரடி ஏறும் சிம்னி பேங்க் தார்ச்சாலை, 1861 முதல் 1929 வரை இரும்புத்தாது ஏற்றிப்போன ரயில் பாதையின் தடம், கரடுமுரடான கல், செடிகள் மட்கி உண்டான, நீர் ஊறிய கரிய பீட் மண்.

இப்போது டயருக்கு வருவோம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் மேல் சுமார் 54 கிலோ விழும். காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) என்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 15 சதுர சென்டிமீட்டர். 25 ஆக இறக்கினால் அது இரு மடங்காகும். எடையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு, பள்ளிக்கூடக் கணக்குதான்.

பரப்பு கூடினால் பிடிப்பு கூடும், சேற்றில் புதைவது குறையும். ஆனால் டயர் அதிகம் நசுங்குமே, மிதிக்கக் கஷ்டமாக இருக்காதா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. வீட்டில் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். சூடாக இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்து, தளரவிட்டு மறுபடி வையுங்கள். குளிர்ந்திருக்கும்! இரும்புச் சுருளில் இப்படி உணர முடியாது. ரப்பர் என்பது சிக்குப்பிடித்த நூல்கண்டு போல நீண்ட மூலக்கூறுகளின் கூட்டம். இழுக்கும்போது அவை வரிசையாகின்றன, வெப்பம் வெளியே வருகிறது. விட்டால் மறுபடி சிக்கிக்கொள்கின்றன, வெப்பத்தை உள்ளே இழுக்கின்றன. ரப்பர் சுருங்குவதற்குப் பெரும் காரணமே, சிக்கலாகக் கிடக்க ஆயிரம் வழி இருக்க, நேராக நிற்க ஒன்றிரண்டு வழிதான் இருக்கிறது என்பது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அதிசயம்தான்.

ஆனால் டயரை நசுக்கக் கொடுத்த ஆற்றலெல்லாம் திரும்ப வருவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. டயரில் கலந்துள்ள கரித்தூளோடும் உரசுகின்றன. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகவே தங்கிவிடுகிறது. 29 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 435 முறை சுற்றும். டயரின் ஒவ்வொரு பகுதியும் அத்தனை முறை நசுங்கி நிமிர வேண்டும். அதனால் வழவழப்பான தார்ச்சாலையில் குறைவாக நசுங்கும் டயரே லாபம். தாத்தாவின் கணக்கு இதுதான்.

கல் நிறைந்த பாதையில் இந்தக் கணக்கு மாறுகிறது. கல் மாதிரி இருக்கும் டயர் 2 சென்டிமீட்டர் கல்லில் மோதினால், சக்கரம் மேலே தூக்கிப்போடும். கூடவே உங்கள் உடம்பும். தொடை, முன்கை, வயிறு எல்லாம் குலுங்கும். முன்னே போக வேண்டிய வேகம்தான் அந்தக் குலுக்கலாக மாறுகிறது. சதைக்குள் அது வெப்பமாகிவிடும், சக்கரத்துக்குத் திரும்பாது. காற்று குறைந்த டயரிலோ கல் டயருக்குள்ளேயே அமுங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்று அருமையான ஸ்பிரிங். வாங்கியதைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். ரப்பரில் சிறிது கூடுதல் இழப்பு, உடம்பில் பெரிய மிச்சம். அதற்காக ரொம்பவும் இறக்கினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். மவுன்டன் பைக்காரர்கள் பலர் டியூப்லெஸ் டயருக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்தத் தரைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்ற ஆராய்ச்சி பந்தய சைக்கிள்களோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அரசு சைக்கிள் கொடுக்கிறது. ஜல்லி பெயர்ந்த நம் கிராமச் சாலைக்கு அந்த டயரில் எவ்வளவு காற்று வைத்தால் ஒரு மாணவி களைக்காமல் பள்ளிக்குப் போவாள் என்று அளந்து சொல்ல, ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் போதும். அதைச் செய்ய வேண்டும்.

உண்மையில் காற்றடைத்த சைக்கிள் டயர் பிறந்ததே குலுக்கலைக் குறைக்கத்தான். பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடான தரையில் தடதடத்ததால் யோசிக்கத் தொடங்கினார். வட்டமான மரத்தட்டைச் சுற்றிக் காற்றடைத்த ரப்பர் குழாயைப் பொருத்தி, 1888-இல் காப்புரிமையும் வாங்கினார். அதற்கு முன் முற்றத்தில் ஒரு சோதனை செய்தார். மகனின் சைக்கிளில் இருந்த பழைய சக்கரத்தைக் கழற்றி உருட்டிவிட்டார். பாதி வழியில் சாய்ந்து விழுந்தது. காற்றடைத்த சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுக்க ஓடி, வாசல் கேட் தூணில் மோதித் திரும்பி வந்தது.