உடம்பில் கொழுப்பு இருந்தால் கர்ப்பிணி பட்டினி கிடக்கலாமா?

இந்த வாரமும் ஒருவர். ஆறாம் மாதம், கர்ப்பத்துக்கு முன் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 34, அதாவது உடல் பருமன். எடை மெஷினிலிருந்து இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு, "நாலு கிலோ குறைச்சுட்டேன் மேடம்!" ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டாராம். சிறுநீரில் கீட்டோன், அதாவது பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள். ஏம்மா இப்படி என்றால், "உடம்புலதான் இவ்வளவு கொழுப்பு இருக்கே, குழந்தை அதிலிருந்து எடுத்துக்காதா?" என்கிறார்.

எடுத்துக்காதுங்க. கொழுப்பு கலோரி தரும், அவ்வளவுதான். குழந்தையின் தசைக்குப் புரதம் வேண்டும், ரத்தத்துக்கு இரும்பு, எலும்புக்குக் கால்சியம், மூளைக்கு அயோடின், இதில் எதையும் இடுப்புச் சதையிலிருந்து உருவி எடுக்க முடியாது. சொல்லப்போனால் பருமனானவர்களிடம்தான் வைட்டமின் டி-யும் இரும்பும் குறைவாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். எடை கூடுதல் என்றால் சத்தும் கூடுதல் என்று யார் சொன்னது? இருக்கிற பற்றாக்குறையோடு சாப்பாட்டையும் நிறுத்தினால் எப்படி?

அதற்காக, இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று தட்டை நிரப்புகிறவர்கள் பக்கமும் நான் இல்லை. முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரியே தேவையில்லை. பிஎம்ஐ 30-ஐத் தாண்டியவர்களுக்கு மொத்தக் கர்ப்பத்திலும் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும், நாலாம் மாதத்துக்கு மேல் வாரம் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆரம்பத்தில் வாந்தியால் கொஞ்சம் இறங்கினால் பதறாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். நீங்களாக இறக்குவதுதான் கூடாது.

எந்த வேளையும் தவிர்க்காதீர்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. சர்க்கரை போட்ட பானங்களை நிறுத்துங்கள். பழச்சாறும் வேண்டாம், பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். மருத்துவர் தடுக்கவில்லை என்றால் வாரம் 150 நிமிடம் நடை. எடை குறைக்கும் ஊசியோ பவுடரோ எடுத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்று கேளுங்கள், உங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம். 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் சோதனை, முன்னதாகவே கேட்டாலும் செய்துவிடுங்கள்.

மருத்துவ நண்பர்களுக்கும் ஒன்று: "வெயிட்டைக் குறைம்மா" என்று ஒரே வரியில் அனுப்பிவிடாதீர்கள், அவர் நேராக வீட்டுக்குப் போய்ப் பட்டினி கிடக்கிறார், அப்புறம் என்னிடம் வருகிறார்.

வரும்போது ஒரு வாரம் சாப்பிட்டதை அப்படியே எழுதி எடுத்து வாருங்கள், ராத்திரி பதினோரு மணி பிஸ்கெட்டையும் சேர்த்து. திட்ட மாட்டேன்.