எக்ஸ்போஷர் – ஒளிபடுகை

எக்ஸ்போஷர் என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், 'வெளியே வை' எனப் பொருள்படும் எக்ஸ்போனெரே என்ற லத்தீன் வினையாகும். பிரெஞ்சுக்காரரான டாகேரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டை, வற்றலை வெயிலில் வைப்பதைப் போல, நிமிடக்கணக்கில் ஒளிக்குத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால், அச்சொல் அத்தொழிலுக்கு இயல்பாகவே பொருந்தியது.

தமிழில் இதனை 'வெளிப்பாடு' என்று எழுதுவோர் உண்டு. உணர்ச்சி வெளிப்பாடு என்னும்போது உள்ளிருப்பது வெளியே வருகிறது. கேமராவிலோ வெளியிலுள்ள ஒளி உள்ளே வருகிறது. திசையே தலைகீழாகிவிடுவதால் அச்சொல்லை ஏற்க இயலவில்லை. வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது என்று நாம் நாளும் சொல்வதை ஒட்டி 'ஒளிபடுகை' என்பதே தக்கது. ஒளி இங்கே எழுவாயாதலால், ஒளிப்படம் என்பதில் மிகுவதுபோல இங்கே வல்லினம் மிகாது.

கேமராவினுள் ஒளியை உணரும் சில்லான சென்சாரின் பரப்பில் விழும் ஒளியின் செறிவை, அது விழும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதே ஒளிபடுகை. அதன் அலகு லக்ஸ் நொடி. லென்சின் துளையளவைக் குறிக்கும் எஃப் எண் சிறிதானால் துளை பெரிதாகும்; எஃப்/8-ஐவிட எஃப்/5.6 இருமடங்கு ஒளியை விடும். ஆகவேதான் எஃப்/8 துளையில் 1/125 நொடியும், எஃப்/5.6 துளையில் 1/250 நொடியும் ஒரே ஒளிபடுகையைத் தருகின்றன. கேமராவில் அமைக்கும் உணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓவையும் இவற்றோடு மூன்றாவதாகச் சேர்த்துச் சொல்வது வழக்கமாயினும், அது பட்ட ஒளியைக் கூட்டுவதில்லை, படத்தின் பொலிவையே கூட்டுகிறது என்பதைத் தமிழ்ச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

'சரியான ஒளிபடுகை' என்பதில் வரும் 'சரியான' என்ற அடைக்கு டிஜிட்டல் கேமராவில் தனிப்பொருள் உண்டு. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றிய நீரை அளக்க முடியாததுபோல, சென்சார் நிறைவெய்திய இடங்களில் விவரம் மீளாது. குறை ஒளிபடுகையில் இருண்ட பகுதிகளையோ, சற்றே புள்ளியிரைச்சலுடனாயினும், பின்னர் ஓரளவு மீட்கலாம். எனவே, படத்தின் இருண்ட பகுதிகள் இடப்புறமும் ஒளிமிக்க பகுதிகள் வலப்புறமுமாக எவ்வளவு உள்ளன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று பார்ப்பது, திரையில் தெரியும் படத்தை நம்புவதைவிட மேலானது.

கேமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கருதிக் கணக்கிடுகிறது. வெள்ளை வேட்டி படச்சட்டம் முழுவதும் நிறைந்திருந்தால் அது சாம்பல் பூத்துத் தோன்றும். கருங்கல் சிற்பம் வெளிறிப்போகும். இத்தவற்றைத் திருத்தும் அமைப்பை 'ஒளிபடுகை ஈடு' எனலாம்: வேட்டிக்கு +1 அளவிலும், கருங்கல்லுக்கு −1 அளவிலும் வைத்துத் தொடங்கி, ஹிஸ்டோகிராமைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.