பிச்சிப்பூ எண்களாக வந்த நாள்

தோவாளைப் பூ வியாபாரி ஒருவருக்கு அன்றாட விலைப் பக்கம் செய்து கொடுத்தபோது நடந்தது இது. நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ரேசர் வியூவின் (மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் கோரில் எச்டிஎம்எல்லும் நிரலும் கலந்து எழுதும் பக்கம்) கோட் பிளாக்குக்குள், அதாவது நிரல் பகுதிக்குள், ரெஸ்பான்ஸில் (பிரவுசருக்குப் போகும் பதிலில்) நேரே எழுதும் கட்டளையைப் போட்டிருந்தான். பிச்சிப்பூ விலை கடையின் பெயருக்கும் மேலே, பக்கத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. ரேசர், வியூவைத் தனியே தயாரித்துவிட்டுத்தான் லேஅவுட்டுக்குள் (பக்கங்களுக்குப் பொதுவான சட்டகத்துக்குள்) வைக்கிறது. ரெஸ்பான்ஸில் எழுதியது அதற்குக் காத்திருக்காமல் முந்திக்கொள்கிறது. அந்தக் கட்டளையே தேவையில்லை: பிளாக்குக்குள் எச்டிஎம்எல் டேக்கில் தொடங்கும் வரி தானாகவே வெளியீடாகிவிடும். வெறும் சொற்கள் என்றால் ஒரு வரிக்கு @: போதும், பல வரிகளுக்கு டெக்ஸ்ட் டேக்.

இது சின்னத் தவறு. அடுத்ததுதான் வயிற்றைக் கலக்கியது.

"அண்ணே, தமிழ் உடைந்து வருகிறது" என்று கூப்பிட்டான். ஸ்கிரிப்டுக்குள் (பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள்) வைத்த பூவின் பெயர், அலெர்ட் என்ற செய்திப் பெட்டியில் எண்களாக நின்றது. ஏஎஸ்பி.நெட் கோர், அடிப்படை லத்தீன் எழுத்துகளை மட்டுமே இயல்பாக நம்புகிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் எண் குறியீடாக மாற்றிவிடும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும் 'க' அப்போது 7 பைட் ஆகிறது. சாதாரண எச்டிஎம்எல் பகுதியில் பிரவுசர் அதைத் திருப்பிப் படித்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டுக்குள் அப்படியே நிற்கும்.

நான் எழுந்து வருவதற்குள் அவன், மதிப்பை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வெளியிடும் எச்டிஎம்எல்.ரா போட்டுத் தமிழை மீட்டுவிட்டான். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி! ஆனால் பூவின் பெயரைக் கடைக்காரர்கள்தான் நிரப்புகிறார்கள்; அதில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்தக் கட்டத்தில் ஓர் இரட்டை மேற்கோளும், அதன் பின்னே அலெர்ட் கட்டளையும் அடித்துச் சேமித்தேன். பக்கத்தைத் திறந்ததும் என் பெட்டி குதித்து வந்தது. நான் அலெர்ட் போட்டேன். வேறொருவர், உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் குக்கீயைத் திருடும் நிரல் போடலாம்.

ராவை எடுத்துவிட்டு, ஸ்கிரிப்டுக்குப் போகும் மதிப்பை, அதை நிரலுக்குள் பாதுகாப்பாக வைக்கும் வடிவத்துக்கு மாற்றும் ஜேசன் சீரியலைஸ் வழியாக அனுப்பினோம். தொடக்க அமைப்பில், எழுத்துகளைக் குறியீடாக மாற்றும் என்கோடருக்குத் தமிழ் யூனிகோடு வரம்பையும் அனுமதித்தோம். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் இப்போது தமிழாகவே படிக்கலாம். கோண அடைப்பும் மேற்கோளும் அப்போதும் குறியீடாகத்தான் போகும், பயமில்லை.

அதிலிருந்து எந்தப் பழைய நிரல் கைக்கு வந்தாலும் முதலில் ராவைத்தான் தேடுகிறேன். போன வாரம் ஓர் ஆர்டர் பக்கத்தில் 11 இடங்களில் கிடைத்தது. 9 இடங்களில் அதற்கு வேலையே இல்லை.